தாழ்ந்த காரும் தண்டின் கோணமும்

பழைய மாட்டு வண்டியில் அச்சு சுழல்வதில்லை. சக்கரம் அச்சைச் சுற்றி ஓடும். அச்சோ சுமையைத் தாங்கி அசையாது கிடக்கும். மேடும் பள்ளமுமான வழிகளில் செல்லும் உப்பு வணிகர், இருக்கின்ற அச்சு முறிந்தால் உதவும் பொருட்டு, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு சென்றனர் என்னும் செய்தி, ஒளவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில் காணப்படுகிறது. அச்சு முறியின் பயணமும் முறியும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

மோட்டார் வண்டியின் நிலை வேறு. இதில் சுமையைத் தாங்குவதற்கு ஓர் அச்சு உண்டு. அதனோடு, இயந்திரத்தின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டு ஒன்றும் உண்டு. பட்டறைக்காரர் இதனைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பர். மலாய்த் தொழில்நுட்ப வழக்கில் சுழல்தண்டுக்கு ‘அச்சி’ என்பது பெயர். தமிழின் ‘அச்சு’ என்னும் சொல்லோடு இதற்குள்ள ஒப்புமை தமிழாசிரியர்களின் கருத்தைக் கவரத்தக்கது. இக்கட்டுரையில் இது சுழல்தண்டு என்றே வழங்கப்பெறும்.

காஜாங்குக்கும் பெரானாங்குக்கும் இடையே, முதலாம் கூட்டரசுச் சாலையின்மீது அமைந்தது செமினி. ரிஞ்சிங், டொமினியன் முதலிய தோட்டங்களின் பெயரால் அறியப்பட்ட இவ்வட்டாரத்தில் இன்று தாமான்கள் பெருகிவிட்டன. பழைய டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா கேஇ70 ஆகிய கார்களைத் தேடி வாங்கி, வில்களை மாற்றித் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டும் ஆர்வம் மலேசிய இளைஞரிடையே நெடுநாளாக உண்டு. அவ்வாறு தாழ்த்திய கார், ஊருக்குள் மெல்லச் செல்லும்போது அமைதியாக இருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரை எட்டியதும் இருக்கையின் அடியில் நடுங்கத் தொடங்கும். சக்கரத்தைச் சரிபார்ப்பர், டயரை மாற்றுவர், நடுக்கம் நில்லாது. “தண்டு கோணலாகிவிட்டது, நேராக்கினால் போதும்” என்று சொல்லிப் பின் அச்சைச் சாய்த்துத் தண்டுக்கு நேராக வைப்பாரும் உளர். அதன்பின்னும் நடுக்கம் நீங்குவதில்லை; சில கார்களில் மிகுவதும் உண்டு.

நேராக்கியது எவ்வாறு பிழையாயிற்று? இவ்வினாவுக்கு விடை, இடைநிலைப் பள்ளிக் கணிதத்துள்ளேயே இருக்கிறது. அதனை முறையாகக் காணலாம்.

மூட்டு ஏன் வேண்டும்?

இயந்திரமும் கியர்பெட்டியும் காரின் உடலோடு பிணைக்கப்பட்டவை. பின் அச்சோ வில்களின் கீழ்த் தொங்குவது. சாலையின் மேடுபள்ளத்திற்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் ஆடுவது. ஒன்று நிலையானது, மற்றொன்று அசைவது. இவ்விரண்டையும் வளையாத ஓர் இரும்புத் தண்டால் இறுகப் பிணைத்தால், முதற் பள்ளத்திலேயே ஏதேனும் ஒன்று முறிந்துவிடும். ஆதலின் தண்டின் இரு முனைகளிலும் மடங்கக்கூடிய மூட்டுகள் அமைகின்றன.

இம்மூட்டின் அமைப்பு எளியது. கவைபோன்ற இரு கைகளையுடைய துண்டுகள் இரண்டு. அவற்றின் நடுவே கூட்டற்குறி வடிவில் ஒரு சிலுவை. சிலுவையின் எதிரெதிரான இரு கால்கள் ஒரு கவையிலும், மற்ற இரு கால்கள் மற்றொரு கவையிலும் பொருந்தும். மெக்கானிக்குகள் இதனை ‘யு ஜாயிண்ட்’ என்றும், உள்ளிருக்கும் சிலுவையைக் ‘கிராஸ்’ என்றும் கூறுவர்.

பெயர் பலவாயினும் வரலாறு ஒன்றே. இத்தாலிய அறிஞர் கார்டானோ பதினாறாம் நூற்றாண்டில், எப்பக்கம் சாய்ந்தாலும் நடுவிலுள்ள பொருள் நிமிர்ந்தே நிற்கும்படியான வளையத் தொங்கலைப் பற்றி எழுதினார். அதனால் இம்மூட்டுக்குக் கார்டன் மூட்டு என்னும் பெயரும் உண்டு. எனினும், சுழற்சியைக் கடத்தும் கருவியாக இதனை ஆராய்ந்து 1676இல் வெளியிட்டவர் ஆங்கில அறிஞர் இராபர்ட் ஹூக். அவர் இதனை வண்டிக்காகச் செய்தாரல்லர். வானாராய்ச்சிக் கருவிகளைத் திருப்புவதற்காகவே ஆராய்ந்தார். மோட்டார் வண்டியில் இது வலுவாகக் கால்கொண்டது பின்னர்தான். தொடக்கக் கால மோட்டார் வண்டிகள் பல, மிதிவண்டியைப் போலச் சங்கிலியால் ஓடின. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்த கிளாரன்ஸ் ஸ்பைசர் என்பார், சங்கிலிக்கு மாற்றாக மூட்டோடு கூடிய தண்டை வகுத்து 1903இல் காப்புரிமை பெற்று, 1904இல் அவற்றைச் செய்யும் தொழிலையும் தொடங்கினார்.

சீராகச் சுழலாத தண்டு

இம்மூட்டில் ஒரு குறை உண்டு. அதனை ஹூக்கே அறிந்திருந்தார். மூட்டின் ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும், கோணத்தில் சாய்ந்திருக்கும் மறு பக்கம் சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றுக்குள் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். ஒரு முழுச் சுற்றின் முடிவில் இரண்டும் ஒன்றாகவே வந்து சேரும். இடையில்தான் முந்துவதும் பிந்துவதும் நிகழும்.

காரணம் யாதெனின், சாய்ந்த வட்டம் வட்டமாகத் தோன்றாமைதான். சுவர்க் கடிகாரத்தை நேரே நின்று பார்த்தால் முள்ளின் ஓட்டம் சீராகத் தோன்றும். அதனையே மிகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் முகம் நீள்வட்டமாகச் சுருங்கும். எண்களின் இடைவெளிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் அகன்றும் தெரியும். சீராக ஓடும் முள், நெருங்கிய இடத்தில் மெல்லவும் அகன்ற இடத்தில் விரைந்தும் நகர்வதுபோலக் காணும். மூட்டினுள்ளே சிலுவையின் கால்களுக்கு நேர்வதும் இதுவே. சூரிய கடிகாரத்தில், சீராகச் சுழலும் வானத்தின் நிழல் பலகைமீது சீரற்று நகர்வதும் இக்கணக்கின்படியே. மூட்டின் இயக்கத்துக்கும் அந்நிழலின் இயக்கத்துக்கும் உள்ள ஒற்றுமையை ஹூக் கண்டு கூறியதும் குறிக்கத்தக்கது.

இனி அளவைக் காணலாம். சாய்வுக் கோணத்தின் கோசைனை எடுத்துக்கொள்க. சீரான வேகத்தை அதனால் பெருக்கினால் மிகக் குறைந்த வேகமும், வகுத்தால் மிகக் கூடிய வேகமும் கிடைக்கும். நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும் தண்டு 5 பாகை சாய்ந்த மூட்டைக் கடந்தால், மறுபக்கத்தின் வேகம் 2989க்கும் 3011க்கும் இடையே ஊசலாடும். சாய்வு 10 பாகையாயின் 2954க்கும் 3046க்கும் இடையே. 20 பாகையாயின் 2819க்கும் 3193க்கும் இடையே. முதலில் 22 சுற்றாக இருந்த வேறுபாடு, கோணம் இரு மடங்கானதும் 92 ஆயிற்று. கோணம் இருமடங்கானால் ஊசல் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பது இதனால் விளங்கும். இவ்வர்க்க உறவே இக்கட்டுரையின் உயிர்நாடி. பின்னர்ப் பயன்படும் ஆதலின் நினைவிற் கொள்க.

நிமிடத்திற்கு 3000 சுற்று என்பது கற்பனை அன்று. மணிக்கு 90 கிலோமீட்டர் ஓடும் கார், நிமிடத்திற்கு 1500 மீட்டர் செல்கிறது. சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டராயின், அது நிமிடத்திற்கு 750 முறை சுழல வேண்டும். பின் அச்சின் பற்சக்கர விகிதம் நான்குக்கு ஒன்றாயின், தண்டு 3000 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு இருமுறை விரைவு; ஆகவே நிமிடத்திற்கு 6000 துடிப்பு; அஃதாவது நொடிக்கு 100 துடிப்பு. ஊருக்குள் அமைதியாக இருந்த கார் நெடுஞ்சாலையில் நடுங்குவது இதனாலேயே. கோணத்தால் விளையும் உலுக்கலின் வலிமை வேகத்தின் வர்க்கத்தோடும் வளர்வது. வேகம் இரட்டித்தால் உலுக்கல் நான்கு மடங்கு.

பிழையைப் பிழையால் நீக்கல்

இக்குறையைப் போக்கும் வழி வியப்புக்குரியது. ஒரு மூட்டின் பிழையை மற்றொரு மூட்டின் பிழையால் அழித்துவிடலாம். முன் மூட்டு விரைவுபடுத்தும் அக்கணத்தில் பின் மூட்டு அதே அளவு தளர்த்துமாயின், பின் அச்சுக்குச் சேர்வது மீண்டும் சீரான சுழற்சியே. இது நிகழ மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாதல் வேண்டும். கியர்பெட்டியினின்று புறப்படும் கோடும், பின் அச்சின் பினியன் என்னும் சிறு பற்சக்கரத்தின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இது தானே அமையும். இரு இணைகோடுகளை ஒரு வெட்டுக்கோடு வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று வடிவியல் கூறுகிறது. கியர்பெட்டியும் பினியனும் இணைகோடுகள், சுழல்தண்டு வெட்டுக்கோடு. வெட்டுக்கோடு எவ்வளவு சாய்ந்தாலும் அக்கோணங்களின் சமம் கெடாது. காரின் உயரத்தை மாற்றினும் சமநிலையைக் காக்கலாம் என்பதற்கு அடிப்படை இதுவே.

இரண்டாவது, தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் அமைதல் வேண்டும். ஒரு கவையைக் கால் சுற்றுத் திருப்பிப் பொருத்திவிட்டால், பிழைகள் ஒன்றையொன்று அழிப்பதற்கு மாறாகக் கூடிக்கொள்ளும். இடையில் பிரித்துச் சேர்க்கும் தண்டைக் கழற்றுமுன் இரு பகுதிகளிலும் கோடு கிழித்து அடையாளம் வைக்க வேண்டும் என்று தேர்ந்த மெக்கானிக்குகள் சொல்வது இதுபற்றியே.

மூன்றாவது, கோணங்கள் சமமானால் மட்டும் போதாது. சிறியனவாகவும் இருத்தல் வேண்டும். என்னை? பினியனுக்குச் சீரான சுழற்சி சென்றாலும், இரு மூட்டுகளுக்கும் நடுவிலுள்ள தண்டு விரைந்தும் தளர்ந்தும் சுழல்வது நீங்குவதில்லை. அதன் எடை உலுக்கத்தான் செய்யும். ஆகவே நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு மூட்டும் ஏறத்தாழ 3 பாகைக்குள் இருத்தல் நன்று என்பது தொழில் வழக்கு. அதற்காகக் கோணத்தைச் சூன்யமாக்குதலும் தவறு. சிலுவையின் கால்களைச் சுற்றி ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் உள்ளன. சிறிதளவேனும் கோணம் இருந்தால்தான் அவை புரண்டு எண்ணெய்ப் பசையைப் பரப்பும். கோணமே இல்லையேல் ஒரே இடத்தில் அழுந்தி நின்று, காலில் பள்ளம் பதிக்கும். அரை பாகைக்கோ ஒரு பாகைக்கோ குறையாமல் வைப்பது அதனாலேயே.

கோணங்கள் சமமாக இல்லாவிடில் எஞ்சும் பிழை எவ்வளவு? இங்கேதான் முன் கூறிய வர்க்க உறவு பயன்படுகிறது. பெரிய கோணத்தின் வர்க்கத்தினின்று சிறிய கோணத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் காண்க. முன் மூட்டு 5 பாகை, பின் மூட்டு 4 பாகை எனின், 25இல் 16 போக 9. அதன் மூலம் 3. ஒரு பாகைதானே வேறுபாடு என்று எண்ணுவார்க்கு, 3 பாகைச் சாய்வுள்ள ஒற்றை மூட்டின் பிழை முழுதும் எஞ்சி நிற்கிறது! கோணங்கள் 2உம் 1உம் ஆயின், 4இல் 1 போக 3. மூலம் ஏறத்தாழ 1.7. வேறுபாடு அதே ஒரு பாகை, தீங்கோ குறைவு. கோணம் பெரிதாகப் பெரிதாக, சிறு வேறுபாடும் பெருந்தீங்காகும் என்பது இதனால் பெறப்படும்.

தாழ்த்தும் கலையின் தோற்றம்

காரைத் தாழ்த்தும் வழக்கம் அமெரிக்காவில், சிறப்பாக லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து மெக்சிகோ வழியினரிடையே, இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஓங்கி வளர்ந்தது. வேகமாக ஓடுவதில் அன்று, மெல்ல ஊர்ந்து செல்வதில் அவர்கள் அழகு கண்டனர். மணல் மூட்டைகளைப் பின்பெட்டியில் அடுக்கியும், வில்களை வெட்டியும் தாழ்த்தினர். காரின் உடற்பகுதி சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தாழ்தல் கூடாது எனக் கலிபோர்னியா மாநிலம் 1958இல் சட்டமியற்றியது. இதற்கு விடையாக ரான் அகிரே என்னும் இளைஞர் 1959இல் தம் கார்வெட் காரில், விமானங்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த நீரழுத்தக் கருவிகளைப் பொருத்தினார். விசையைத் திருப்பினால் கார் ஏறும். மறுபடி திருப்பினால் தாழும். அச்சட்டம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்று, 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தால் 2024 ஜனவரி முதல் நீங்கியது.

அக்கலையின் அடையாளமாக விளங்குவது 1964ஆம் ஆண்டு வரை வெளிவந்த செவர்லே இம்பாலா. அதன் சுழல்தண்டு இரு துண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு தாங்கியோடு அமைந்தது. பின்புறம் உயர்ந்தும் தாழ்ந்தும் ஆடும்போது தண்டின் கோணம் மட்டுமன்றி, இரு முனைகளுக்கு இடையேயுள்ள தூரமும் மாறுகிறது. தண்டு நீண்டு குறுகுவதற்குச் சறுக்குமூட்டு ஒன்று வேண்டும். அதற்கு இடம் போதாவிடில், தாழ்ந்த நிலையில் தண்டு கியர்பெட்டியை இடித்துத் தள்ளும். உயர்ந்த நிலையில் கழன்று விழும். ஆகவே இத்தகைய காரில், ஓட்டும் உயரத்தில் கோணத்தைச் சமமாக்கியபின், ஏற்றத்தின் எல்லையிலும் தாழ்வின் எல்லையிலும் தண்டு எங்கும் இடியாமல் இருக்கிறதா என்று பார்த்தலும் கடமை.

தாழ்த்தும்போது நிகழ்வது

இனிச் செமினிச் சாலையின் சிறு கார்களுக்கு வருவோர், ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கியர்பெட்டியின் கோடு பின்னோக்கி 3 பாகை கீழே சரிகிறது. பினியனின் கோடும் அதற்கு இணையாக 3 பாகை. தண்டோ 6 பாகை சரிகிறது என்க. முன் மூட்டின் கோணம் 6இல் 3 போக 3. பின் மூட்டும் 3. இரண்டும் சமம், குறையில்லை.

இக்காரை 10 சென்டிமீட்டர் தாழ்த்துவதாகக் கொள்வோர் காண்பது யாது? உடல் தாழ்வதால், உடலை நோக்கப் பின் அச்சு உயர்கிறது. தண்டின் நீளம் 120 சென்டிமீட்டராயின், அதன் சரிவு ஏறத்தாழ 5 பாகை குறைந்து, 1 பாகையாக நிற்கும். முன் மூட்டின் கோணம் இப்போது 3இல் 1 போக 2. பினியன் தன் 3 பாகையை மாற்றாமல் இருந்தால் பின் மூட்டும் 2. கார் தாழ்ந்தும் சமநிலை கெடவில்லை. கோணமும் முன்னினும் குறைந்தது! தாழ்த்துவதே தீது என்னும் எண்ணம் தவறு என்பது இதனால் தெளிவாம்.

தீது எங்கே புகுகிறது எனின், பின் அச்சு தானும் திரும்பிவிடும்போது புகுகிறது. கேஇ70 போன்ற கார்களில் பின் அச்சைப் பிடித்து நிறுத்துவன மேலும் கீழுமாக அமைந்த இணைப்புக் கைகள். அக்கைகள் நீளத்தாலும் சாய்வாலும் ஒத்தவை அல்ல ஆதலின், அச்சு உயரும்போது பினியனின் மூக்கும் திரும்பும். 120ஒய் போன்றவற்றில் பட்டைவில்மேல் அச்சு பிணைக்கப்பட்டுள்ளது. இடையில் வைக்கும் தாழ்த்துக்கட்டை சரியாகச் சீவப்படாவிடில் மூக்கு சாய்ந்துவிடும். பினியன் 3 பாகையினின்று 6 பாகைக்குத் திரும்பிவிட்டது என்க. பின் மூட்டின் கோணம் 6இல் 1 போக 5. முன் மூட்டோ 2. எஞ்சும் பிழை 25இல் 4 போக 21. அதன் மூலம் ஏறத்தாழ 4.6 பாகை. நடுக்கத்தின் காரணம் இதுவே.

இதனைக் கண்ட ஒருவர், பின் மூட்டின் மடிப்பே குற்றம் என்று கருதிப் பினியனைத் தண்டுக்கு நேராகத் திருப்பிவிட்டால் நிகழ்வது யாது? பின் மூட்டின் கோணம் சூன்யம். முன் மூட்டின் 2 பாகைப் பிழையை அழிப்பதற்கு எதிர்ப்பிழை இல்லை. அது முழுதும் எஞ்சும். முன் மூட்டு 5 பாகையாக உள்ள காரில் இவ்வாறு செய்தால் 5 பாகையும் எஞ்சும். முன்பு ஓரளவேனும் சமன்பட்டிருந்த கார் இதனால் முன்னினும் கெடும். நேராக்கியது பிழையானவாறு இது.

உரிய மருந்து, பினியனைக் கியர்பெட்டிக்கு இணையாக்குதல். பட்டைவில் உள்ள காரில், வில்லுக்கும் அச்சுக்கும் இடையே 3 பாகை சீவிய ஆப்புத் தகட்டை வைத்தால், 6 பாகை 3 ஆகும். இணைப்புக் கைகள் உள்ள காரில் அவற்றின் நீளத்தைத் திருத்துதல் வேண்டும். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. சக்கரம் தரையை உதைத்து முன்னேறும்போது, அதன் எதிர்விசை அச்சின் கூட்டைப் பின்னுக்குத் திருப்பும். பினியனின் மூக்கு சற்று மேலெழும். வளையும் இயல்புடைய பட்டைவில்லில் இது மிகுதி. ஆகவே நிற்கும் நிலையில் மூக்கை இணைநிலைக்கு ஒன்றிரண்டு பாகை கீழே வைத்து, ஓடும்போது இணைநிலைக்கு வந்து சேருமாறு செய்வர். நிற்கும் காரில் சரியாகத் தோன்றுவதும் ஓடும் காரில் சரியாக இருப்பதும் ஒன்றல்ல.

அளக்கும் முறை

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டா. கோணமானி ஒன்றும் தூக்குக்குண்டு ஒன்றும் போதும். கைப்பேசியிலுள்ள சாய்வுமானியும் உதவும். ஆனால் சில ஒழுங்குகள் கட்டாயம். கார் சமதரையில், தன் நான்கு சக்கரங்களின்மீது நிற்க வேண்டும். ஜாக்கியால் உடலைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு அளந்த கோணம் பயனற்றது. ஓட்டும்போது இருக்கும் சுமை அளக்கும்போதும் இருத்தல் நன்று. காரின் அடியில் புகுமுன், சக்கரம் ஏறி நிற்கும் உறுதியான மேடையும் சக்கரத் தடையும் அமைத்தல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிப் புகுதல் உயிர்க்கு இடர்.

கியர்பெட்டியின் கோடு, தண்டின் கோடு, பினியனின் கோடு ஆகிய மூன்றையும் அளந்து, ஒவ்வொன்றும் பின்னோக்கிக் கீழே சரிகிறதா, மேலே எழுகிறதா என்றும் குறித்துக்கொள்க. ஒரே பக்கம் சரியும் கோடுகளாயின் கழிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சரிவனவாயின் கூட்ட வேண்டும். இக்குறியை மறந்து எண்ணை மட்டும் எழுதுவதே பட்டறைகளில் எளிதில் நேரும் பிழை. கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

தண்டு மேல்கீழாகச் சாய்வதோடு, சில கார்களில் பக்கவாட்டிலும் சாய்ந்திருக்கும். அப்போது மூட்டின் உண்மைக் கோணம் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் கண்டால் கிடைக்கும். மேல்கீழ் 3 பாகை, பக்கவாட்டில் 4 பாகை எனின் 9உம் 16உம் சேர்ந்து 25. உண்மைக் கோணம் 5 பாகை. சிறு கோணங்களுக்கு இக்கணக்குப் போதிய அளவு சரியாக அமையும். பைதாகரசின் 3, 4, 5 முக்கோணம் முன்பு கழித்தலில் வந்தது. இங்கே கூட்டலில் வருகிறது.

எல்லையும் எச்சரிக்கையும்

இக்கணக்கு எல்லாக் கார்களுக்கும் பொருந்துவதன்று. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா முன் சக்கரங்களால் இழுக்கப்படுவது. அத்தகைய கார்களில் நீண்ட சுழல்தண்டு இல்லை. கோணம் எதுவாயினும் சீராகச் சுழற்றும் வேறுவகை மூட்டுகள் முன் சக்கரங்களில் உள்ளன. ஆல்ஃபிரட் ஷெப்பா என்னும் பொறியாளர் 1920களில் வகுத்த குண்டுமூட்டு இவ்வகையைச் சேர்ந்தது. அவற்றையும் மிகத் தாழ்த்தினால் ரப்பர் உறை கிழிந்து மண் புகும் என்பது வேறு செய்தி. பழைய பின்னிழுவைக் கார்கள், வேன்கள், லோரிகள் ஆகியவற்றுக்கே மேற்கூறிய விதிகள் உரியன. தோட்டத்து லோரியும் தாழ்ந்த கேஇ70உம் இவ்வகையில் ஒரே விதிக்கு உட்பட்டவை.

இது வெறும் சொகுசின் பொருட்டான கணக்கும் அன்று. நடுக்கத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டிய காரில் சிலுவையின் கால் தேய்ந்து, ஒரு நாள் மூட்டு உடையும். பின் மூட்டு உடைந்தால் தண்டு சாலையில் இழுபட்டு வரும். முன் மூட்டு உடைந்தாலோ தண்டின் முன்முனை தரையிற் குத்தும். ஓடும் காரைத் தூக்கி எறியவும் கூடும். தண்டின் முன்பகுதியைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் ஒன்றைப் பொருத்துவது இதற்காகவே. மேலும், மலேசியாவில் காரின் அமைப்பை மாற்றுவோர் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ்ச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். சட்டம் வேண்டுவதும் கணிதம் வேண்டுவதும் இங்கு ஒன்றே: தோன்றியவாறு மாற்றாமை.

வகுப்பறைக்கு வரும் தண்டு

இவ்வுண்மையைத் தமிழ்ப்பள்ளியின் உயர் வகுப்பு மாணவரும் கண்ணாற் காணலாம். தடித்த அட்டையில் வட்டம் ஒன்று வெட்டி, மணிக்கூட்டின் முகம்போல் 12 சமபாகங்களாக்கி, ஒவ்வொரு கோட்டின் வழியேயும் மெல்லிய பிளவு வெட்டுக. விளிம்பு அறாமல் பார்த்துக்கொள்க. அதனைச் சுவருக்கு முன் பிடித்து, தொலைவிலிருந்து விளக்கொளி நேரே விழச் செய்தால், சுவரில் ஒளிக்கோடுகள் சம இடைவெளியோடு தோன்றும். கோடு ஒன்றையே சுழலச்சாகக் கொண்டு அட்டையை மெல்லச் சாய்த்து 60 பாகைக்குக் கொணர்க. 30, 30, 30 பாகையாக இருந்த மூன்று இடைவெளிகளும் ஏறத்தாழ 16, 25, 49 பாகையாக மாறிவிடும். கூட்டினால் 90 குறையாது. பங்கீடு மட்டும் மாறியது. மாணவர் கோணமானி கொண்டு தாமே அளந்து கூட்டிப் பார்க்கட்டும். விரைவும் தளர்வும் ஒரு சுற்றில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணச் சொன்னால், இரண்டு என்னும் விடையை அவர்களே கூறுவர்.

செமினியில், ஜாலான் புரோகாவில், நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005 முதல் இயங்குகிறது. அங்கே பொறியியல் கற்பிக்கப்படுகிறது. அதே ஊரின் பட்டறைகளில் கையில் ஸ்பேனரோடு நிற்கும் இளைஞருக்கும் அப்பொறியியலுக்கும் இடையே உள்ள தூரம் பெரிதென்று தோன்றலாம். இணைகோடுகள், வர்க்கமூலம், கோசைன் என்னும் மூன்றும் அறிந்தவனுக்கு அத்தூரம் பெரிதன்று. ‘இக்கணக்கு எதற்குப் பயன்படும்?’ என்று கேட்கும் மாணவனுக்கு விடை சொல்ல வேண்டிய ஆசிரியர், அவன் அண்ணனின் காரைச் சுட்டிக்காட்டலாம்.

உப்பு வணிகர்க்கு வழியில் வரும் மேடும் பள்ளமும் முன்கூட்டித் தெரியா. ஆகவே மாற்றச்சைக் கட்டிச் சென்றனர். சுழல்தண்டின் இடர் அத்தகையதன்று. கார் புறப்படுமுன்பே, நின்ற இடத்திலேயே, கோணமானியும் தூக்குக்குண்டும் கொண்டு அதனை அளந்தறியலாம். மூன்று பாகை சீவிய ஒரு சிறு ஆப்பினால் தீர்க்கவும் தீர்க்கலாம்.